குதிரையைப் பிடியுங்கள்!

கேள்வி: சீன மொழியில் ஆயிரக்கணக்கான எழுத்துகளாமே! மனப்பாடம் செய்தே ஆயுள் முடிந்துவிடாதா?

பதில்: சொல் சொல்லாக நெட்டுருப் போட்டால் முடிந்துவிடும். ஓர் எழுத்தைப் பிடித்து அதன் சொந்தபந்தங்களை விசாரியுங்கள். ‘மா’ என்றால் குதிரை. (பழந்தமிழிலும் மா குதிரைதான்! தற்செயல் ஒற்றுமை, ஆனாலும் மறக்காது.) ‘மேல்’ சேர்ந்தால் ‘மாஷாங்’: குதிரை மேல், அதாவது உடனே. ‘பாதை’ சேர்ந்தால் ‘மாலூ’: சாலை.

அதே குதிரை ‘செங்யூ’ எனப்படும் நான்கெழுத்து மரபுத்தொடர்களிலும் ஓடுகிறது. ‘ஸோ மா கான் ஹுவா’: குதிரையில் போனபடி பூப் பார்ப்பது. நம் ஊரில் நுனிப்புல் மேய்வது. எனக்கு மிகவும் பிடித்தது ‘லாவ் மா ஷி தூ’, கிழக் குதிரைக்கு வழி தெரியும். பழங்காலச் சீனாவில், போர் முடிந்து திரும்பிய சீ என்ற நாட்டின் படை வழி தவறியதாம். அமைச்சர் குவான் ஜோங் கிழக் குதிரைகளை அவிழ்த்துவிட்டார்; அவற்றின் பின்னாலேயே போய்ப் படை வழியைக் கண்டுபிடித்தது. கதையோடு வந்த எழுத்து மனசை விட்டுப் போகாது. அந்த ‘லாவ்’தான் ஆசிரியரைக் குறிக்கும் ‘லாவ்ஷி’யிலும், புலியைக் குறிக்கும் ‘லாவ்ஹூ’விலும் இருக்கிறது.

அடுத்து ‘தியென்’, மின்சாரம். அதோடு மூளையைச் சேர்த்தால் கணினி, நிழலைச் சேர்த்தால் சினிமா. இன்றே தொடங்குங்கள், மாஷாங்!