மின்கருவி கைக்கருவி தாரதம்மிய விசாரம்

கட்டடத் தொழிலிலே கைக்கருவி மேலானதா, மின்கருவி மேலானதா என்னும் விவகாரம், மஸ்கெலியாவுக்கு அப்பால் சிவனொளிபாதமலை அடிவாரத்தில், பஸ் பாதை முடிந்து படிகள் தொடங்கும் நல்லதண்ணியிலே, மழை பெய்து வேலை நின்றுபோகும் நாட்களிலெல்லாம் தேநீர்க்கடை வாங்கிலே மேசன் பாஸ்மாராலும் தச்சுப் பாஸ்மாராலும் ஊக்கத்தோடு பேசப்பட்டு வருகின்றதாயினும், லட்சணம் கூறி, பூர்வபட்சம் நிறுத்தி, சித்தாந்தம் நாட்டிய நூல் ஒன்றேனும் இதுகாறும் தோன்றவில்லை. மலைநாட்டைப் பற்றி ஆராய்ச்சியே நடைபெறவில்லை என்று இதற்குப் பொருள் கொள்ளலாகாது. லயத்துக் காம்பராவின் நீளம் பன்னிரண்டடி, அகலம் பத்தடி என்பதைப் பண்டிதர் பலர் கொழும்பிலிருந்தும் அதற்கு அப்பாலிருந்தும் வந்து அளந்து சென்றிருக்கிறார்கள். அவர்கள் எழுதிய ஏடுகளை அடுக்கினால் இன்னொரு காம்பராவுக்குச் சுவர் எழுப்பலாம். ஆயினும் அளந்தவர் எவரும் அச்சுவரிலே ஓர் ஆணி அறைந்து பார்த்ததாகக் குறிப்பில்லை.

முதலாவது லட்சணம். கையால் இயங்குவது கைக்கருவி, மின்சாரத்தால் இயங்குவது மின்கருவி என்பர் பாமரர். இது அதிவியாப்தி என்னும் குற்றமுடையது. ட்ரில்லும் கையாலேயே பிடிக்கப்படுகிறது. அதன் விசையை அமுக்குவதும் விரலே. அது நின்றுவிட்டால் அதன் முதுகிலே தட்டுவதும் உள்ளங்கையே. ஆதலால் மின்கருவி என்பது கைக்கருவிகளுள் மின்சாரச் செலவுடைய ஒரு வகை என்று கொள்வதே பொருத்தம்.

கருவிகளின் வகை வருமாறு. கரண்டி: இதன் மின் வடிவத்தை நல்லதண்ணியில் எவரும் கண்டதில்லை. ரசமட்டம்: குமிழி நடுவில் நின்றால் சுவர் நேர், நில்லாவிட்டால் ரசமட்டம் பழுது. அலவாங்கு: விளக்கம் வேண்டாதது. கிரைண்டர்: அயலாரின் தூக்கத்துக்கு விரோதமானது. பற்றரி ட்ரில்: இரண்டுங்கெட்டான்.

மின்கருவிக்கு மூலகாரணமாகிய மின்சாரத்தைப் பற்றியும் சிறிது பிரஸ்தாபிக்க வேண்டும். லக்சபானவின் பழைய மின்நிலையம் இயங்கத் தொடங்கியது 1950இல். பின்னர் மவுசாகலையிலே அணை எழுந்தபோது பழைய மஸ்கெலியா ஊரே நீருள் மூழ்கிற்று. வறட்சியில் நீர் வற்றுங்கால் அவ்வூரின் கோயிலும் விகாரையும் பள்ளிவாசலும் இன்றும் தலைகாட்டுகின்றன. கையால் கட்டிய சுவர் அரைநூற்றாண்டுக்கு மேலாக நீருக்குள் கிடந்தும் நிற்கிறது என்பதைக் கைக்கருவிக் கட்சியார் பெரும் பிரமாணமாகக் காட்டுவர். மறுகட்சியார், அவ்வூரை மூழ்கடித்ததனால் அல்லவோ மின்சாரம் பிறந்தது என்பர். இவ்வளவுக்கும், இம்மலையிலே பிறந்த மின்சாரம் கொழும்புக்கு விரைந்து சென்று சேர்ந்ததேயன்றி, அதன் பிறந்தகத்து லயங்களை எட்டிப் பார்ப்பதற்கு வெகுகாலம் எடுத்துக்கொண்டது என்பதை இரு கட்சியாரும் ஒப்புக்கொள்வர். வந்த பின்னரும் அது நிலையாயிற்றில்லை. 2022ஆம் ஆண்டு மார்ச்சு இறுதியில் நாளொன்றுக்குப் 13 மணி நேரம் வரை வெட்டப்பட்டது. 2025 பெப்ரவரி 9ஆந் திகதியோ, பாணந்துறை உபமின்நிலையத்திலே குரங்கொன்று மின்மாற்றியைத் தொட்டதனால் நாடு முழுவதும் மின்சாரம் அற்றுப்போயிற்று என்று துறைக்குரிய அமைச்சரே அறிவித்தார். புராண பண்டிதர் இதற்கு முன்னுதாரணம் தேடுவாராக. நமக்கு வேண்டுவது தர்க்கம். நல்லதண்ணியிலுள்ள ஒரு சுத்தியலைச் செயலற்றதாக்க விரும்பும் குரங்கு, நேரில் வந்து அதனைத் தூக்கிச் சென்றாலன்றி முடியாது. ட்ரில்லையோ பாணந்துறையில் இருந்தபடியே நிறுத்திவிடலாம்.

இனி, முன்னாசிரியர் எவரும் தொடாத முதன்மைப் பொருளுக்கு வருவோம். அஃதாவது நெருப்புக்குச்சி.

நம் நாட்டுச் சுவரிலே பொருத்தப்படும் 13 ஆம்பியர் பிளக் துளை மூன்றனுள் கீழிரண்டும் உள்ளே திரையிட்டு மூடப்பட்டிருக்கும். மேல்துளையில் நீண்ட கால் நுழைந்தாலன்றித் திரை திறவாது. கடையிலே மலிவாகக் கிடைக்கும் ட்ரில்லுக்கோ உருண்டைக்கால் இரண்டே. மூன்றாங்கால் இல்லாத பிளக்கை மூன்று துளைக்கு முன் நீட்டிக்கொண்டு நிற்கும் பாஸ், தம் கையாளை நோக்கி, “டேய் தம்பி, ஒரு நெருப்புக்குச்சி கொண்டா” என்பார். குச்சி மேல்துளையில் நுழையும், திரை விலகும், பிளக் உள்ளே செல்லும், “குச்சிய விட்றாத!” என்று ஒரு சத்தம் எழும், ட்ரில் சுழலும். ஆகவே, சுவரைத் துளைத்தது ட்ரில் என்பது தோற்றமாத்திரமே. ட்ரில்லை இயக்கியது மின்சாரம். மின்சாரத்துக்கு வாயில் திறந்தது குச்சி. குச்சியைப் பிடித்தது கை. சர்வ மின்கருவிகளுக்கும் ஆதாரமான கைக்கருவி நெருப்புக்குச்சியே என்பது இதனால் நிரூபணமாயிற்று.

இதிலே எழுந்த மதபேதங்கள் பல. எரியாத குச்சியே உத்தமம் என்பது வடகரை மதம். எரிந்த குச்சி கரியாதலின் மின்சாரத்தோடு உறவு கொண்டாடும் என்பது அவர் கூறும் ஏது. எரிந்த குச்சியே போதும், பீடி பற்றவைத்த பின்னும் அதற்கொரு பிறவி உண்டு என்பது சிக்கனக் கட்சியாராகிய தென்கரை மதம் (காண்க: வாங்குச் சம்ஹிதை, மழைக்காண்டம், மூன்றாம் பிளேன்டி). இச்சம்ஹிதைக்குச் சீமெந்துப்பை ஒன்றின் உட்புறத்திலே பென்சிலால் எழுதப்பட்ட பாஷ்யம் ஒன்று உண்டு. பை கிழிந்தமையின் பின்பாதி கிடைக்கவில்லை. கிடைக்காத பின்பாதிக்கு எழுந்த குறிப்புரை மட்டும் முழுமையாகக் கிடைக்கிறது. அக்குறிப்புரையாசிரியர், பாஷ்யகாரர் நெருப்புக்குச்சி என்றது ஈர்க்குச்சியையே என்று சாதித்து, தேநீர் ஆறும்வரை வாதிட்டு, தம் முடிபுக்குத் தம்முடைய முந்தைய கட்டுரை இரண்டையும், இனி எழுதவிருக்கும் கட்டுரை ஒன்றையும் மேற்கோளாகக் காட்டுகிறார். பல்கலைக்கழகங்களில் அனுசரிக்கப்படும் இம்முறை வாங்குவரை பரவியிருப்பது மகிழ்ச்சிக்குரியதே. குச்சிப் பிரயோகத்தின் காலம் சங்ககாலத்துக்கு முற்பட்டது என்பாரும் உளர். அக்காலத்தில் பிளக் இல்லையே என்றால், அதனாலன்றோ சான்று கிடைக்கவில்லை என்று விடை கூறுவர்.

கைக்கருவிக் கட்சிக்கு வேறிரண்டு சான்றுகளைச் சொல்லி அமைவேன். மார்கழிப் பூரணை முதல் வெசாக் வரை நீளும் சிவனொளிபாதமலை யாத்திரைக் காலத்துக்கென மலைப்பாதையில் கட்டப்படும் கடைகள், காலம் முடிந்ததும் பிரிக்கப்படும். பிடுங்கிய ஆணி வளைந்திருக்கும். அதனைக் கல்லின்மேல் கிடத்தி, திருப்பித் திருப்பித் தட்டி, விரலுக்கும் ஆணிக்கும் இடையே நெல்லிடை தூரம் வைத்து நிமிர்த்துவதற்குச் சுத்தியலேயன்றி வேறு கருவி உலகில் இல்லை. இரண்டாவது, 2,243 மீற்றர் உயரமுள்ள அம்மலையுச்சிக்குப் பாதை என்பது ஐயாயிரத்துக்கு மேற்பட்ட படிகளே. மின்சாரம் நின்ற வேளையில் அங்கே மின்கருவி இயங்க ஜெனரேட்டர் வேண்டும். ஜெனரேட்டர் ஏற ஒரு மனிதன் வேண்டும். அவன் தலைமேற் சுருட்டி வைக்கும் சும்மாடு எவ்வகைக் கருவி என்பதை ஆராயத் தனி நூல் வேண்டும்.

வாசகருக்கு ஒரு விண்ணப்பம். நல்லதண்ணியிலே சுவரும் ஈரம், கையும் ஈரம். பிளக் துளைக்குள் குச்சியோ கம்பியோ விட்டு உயிரை விட்டவர்களின் வீட்டார் சித்தாந்தம் கேட்கமாட்டார்கள். மூன்று கால் பொருத்திய அடாப்டர் ஹற்றன் கடைகளிலே கிடைக்கும். அதை வாங்கினால் இவ்வாராய்ச்சி முழுவதும் ஆதாரமற்றதாகிவிடும். ஆயினும் வாங்கிக்கொள்ளுங்கள்.