பாலினத்தின் சராசரி ஒன்றரை

ஆணுக்கு 1, பெண்ணுக்கு 2. கணினிக்காக இட்ட குறி, அவ்வளவுதான். நம் கல்வியியல் ஆய்வேடுகளில் அதற்கும் சராசரி போடுகிறார்கள். ஒன்றரையை ஒட்டி ஏதோ வருகிறது. பக்கத்திலேயே திட்ட விலக்கம். கைடு கையெழுத்துப் போடுகிறார். புறத்தேர்வாளர் பட்டத்துக்குப் பரிந்துரைக்கிறார்.

கார்ல் பியர்சன் 1900-இல் தந்தது கை-வர்க்கச் சோதனை. ஆண்-பெண், கிராமம்-நகரம் என்று வகை பிரித்து எண்ணிய தரவில் தொடர்பு உண்டா, தற்செயலா என்று பார்க்கும் நேர்மையான கருவி. பாவம், நம்மிடம் வந்து மாட்டிக்கொண்டது. அட்டவணையில் ஒரு கட்டத்தின் எதிர்பார்ப்பு எண்ணிக்கை 5-க்குக் கீழே போனால் உஷார் என்கிறது பாடப்புத்தகம். எத்தனை கட்டங்கள் அப்படிப் போயின என்பதை எஸ்பிஎஸ்எஸ் என்னும் புள்ளியியல் மென்பொருள் அட்டவணைக்கு அடியிலேயே பொடி எழுத்தில் சொல்லிவிடும். அந்த வரியை டிடிபி கடையில் எடுத்துவிடுகிறார்கள். பக்கம் அசிங்கமாகத் தெரிகிறதாம். தற்செயலாகவே இப்படி வர எவ்வளவு வாய்ப்பு என்று சொல்லும் 'பி = 0.000' மட்டும் தடித்த எழுத்தில் நிற்கும். அந்த மதிப்பு ஒருநாளும் பூஜ்யம் ஆகாது. மூன்று தசமத்தோடு கணினி நிறுத்திக்கொண்டது. அதை யார் படித்தார்கள்? பைண்டு செய்து தங்க எழுத்துப் பொறித்தாகிவிட்டது.

தரவு எங்கிருந்து வந்தது என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். விடுதி அறையில் நாலு நிறப் பேனாவோடு ஓர் இரவு உட்கார்ந்தால், முந்நூறு ஆசிரியர்களின் மனப்பாங்கு தயார். ஊர் ஊராக அலைந்து வினாத்தாள் நிரப்பி வரும் பிள்ளைகளும் இருக்கிறார்கள். அவர்களுக்குத்தான் 'ஏன் இவ்வளவு தாமதம்?' என்று மெமோ.

ஐந்து சதவீத மட்டத்தில் நாற்பது சோதனை போட்டால், ஒன்றுமே இல்லாத இடத்திலும் சராசரியாக இரண்டு 'குறிப்பிடத்தக்க'தாக வந்து விழும். அந்த இரண்டுதான் கடைசி அத்தியாயம். "மணமான ஆசிரியர்களுக்கும் ஆகாதவர்களுக்கும் கணினி மீதான மனப்பாங்கில் குறிப்பிடத்தக்க வேறுபாடு உள்ளது. அரசு ஆவன செய்ய வேண்டும்." என்ன செய்ய வேண்டும்? கல்யாணம் பண்ணி வைக்கவா?

ஜேஆர்எஃப் என்னும் ஆய்வு உதவித்தொகை வாங்குபவருக்கு 2023 முதல் மாதம் 37,000 ரூபாய். நம் வரிப்பணம். வாய்மொழித் தேர்வில் கேட்கும் கடினமான கேள்வி, "எந்த சாஃப்ட்வேர் பயன்படுத்தினீர்கள்?" பதில் வந்ததும் கைதட்டல், சால்வை, பிரியாணி. பிரியாணிச் செலவு மாணவருடையது.

மறுநாள் அதே வினாத்தாள் ஜூனியரின் பென்டிரைவுக்குப் போகிறது. தலைப்பில் 'மதுரை மாவட்டம்' போய் 'தேனி மாவட்டம்' வருகிறது. தமிழ்நாட்டில் மாவட்டங்கள் 38. இன்னும் பிரிக்கச் சொல்லிக் கோரிக்கைகள் வேறு இருக்கின்றன.