பேஷ்!

கோவில்பட்டிப் பக்கத்திலிருந்து பட்டணத்துக்குப் படிக்க வந்த புதிதில், என்னோடு ஹாஸ்டலில் இருந்த மாணவர்களெல்லாம் சித்திரம், சிற்பம், சங்கீதம் ஆகிய எதைப் பற்றியும் காப்பி ஆறுவதற்குள் ஓர் அபிப்பிராயம் சொல்லிவிடக் கூடியவர்களாக இருந்தபடியால், அபிப்பிராயமில்லாதவன் என்ற அவப்பெயருக்கு அஞ்சி, நானும் கலைகளுக்கு அர்த்தம் கண்டுபிடித்துவிடுவதென்று துணிந்தேன்.

முதலில் எழும்பூர் மியூசியத்துக்குப் போனேன். திருவாலங்காட்டு நடராஜர் முன்னால் நின்று, கையோடு கொண்டுபோயிருந்த ஆனந்த குமாரசாமியின் புத்தகத்தை விரித்து, உடுக்கை சிருஷ்டி, அபய ஹஸ்தம் ஸ்திதி, அக்கினி சம்ஹாரம், ஊன்றிய பாதம் திரோபாவம், தூக்கிய திருவடி அனுக்கிரகம் என்று, மளிகைச் சாமானை ஜாபிதாவோடு ஒத்துப் பார்க்கும் கணக்குப் பிள்ளையைப் போல ஒவ்வொன்றாகச் சரிபார்த்து, ஒன்றும் குறையவில்லை என்ற திருப்தியுடன் பத்து நிமிஷத்தில் வெளியே வந்துவிட்டேன். ரொதான் என்ற பிரெஞ்சுச் சிற்பி இந்த மூர்த்தியை நேரில் தரிசித்ததேயில்லை. 1913-இல் புகைப்படங்களை வைத்துக்கொண்டே பரவசப்பட்டு எழுதினார். நான் மூர்த்திக்கு எதிரிலேயே நின்று புத்தகத்தைப் பார்த்தவன்.

சங்கீதத்திலோ இந்தச் சௌகரியமும் கிடையாது. 72 மேளகர்த்தாக்களையும் நெட்டுருப் போட்டு, தோடி 8, கரஹரப்பிரியா 22, சங்கராபரணம் 29, கல்யாணி 65 என்று தூக்கத்தில் தட்டி எழுப்பிக் கேட்டாலும் சொல்லக்கூடிய நிலைக்கு வந்திருந்தேன். ஆனால் மேடையில் எழுந்தருளுகிற ராகம் நெற்றியில் நம்பர் ஒட்டிக்கொண்டு வருவதில்லை. பைரவி என்று நான் தீர்மானிக்கும் தருணத்தில் பக்கத்திலிருப்பவர் முகாரி என்பார், முன் வரிசைக்காரர் திரும்பிப் பார்த்து, "மாஞ்சி, ஐயா!" என்பார். வித்வான் கீர்த்தனத்தை எடுக்கும் வரையில் மூவரும் கௌரவமாக உட்கார்ந்திருக்கலாம்.

இந்த இக்கட்டில், ஒரு மார்கழி மாலை மயிலாப்பூர்க் கச்சேரியொன்றில், பழுத்த ரசிகராகத் தோன்றிய ஒரு பெரியவருக்குப் பின்னால் எனக்கு இடம் கிடைத்ததைப் பூர்வ புண்ணியம் என்றே கருதினேன். ஆதி தாளமென்றால் ஒரு தட்டு, மூன்று விரல், பிறகு தட்டும் வீச்சுமாக இரண்டு தடவை, ஆக எட்டு அக்ஷரம் என்ற மட்டில் எனக்கும் தெரியும். பெரியவரோ தட்டவுமில்லை, வீசவுமில்லை. கண்ணை மூடியபடி, கட்டைவிரலால் சுண்டு விரலின் அடிக்கணுவில் தொடங்கி, கணுக் கணுவாக ஏறி இறங்கி, நடுவில் சற்றுத் தயங்கி, உதட்டைப் பிதுக்கி, மறுபடியும் ஆதியிலிருந்து ஆரம்பித்தார். 35 தாளங்களுக்கும் அடங்காத ஏதோ ஒரு மகா ரகசியம் என்று நிச்சயித்து, நானும் என் விரல்களை அவ்விதமே ஓடவிட்டேன். தனியாவர்த்தனம் உச்சத்துக்கு ஏறி, மிருதங்கக்காரர் கோர்வையை முடிக்கவும், பெரியவர் தொடையில் ஓங்கித் தட்டி, "பேஷ்!" என்றார். அரை நொடியும் தாமதியாமல், அவருக்கு மேலாக நானும் ஒரு "பேஷ்!" போட்டேன். இரண்டு வரிசை திரும்பி என்னை மரியாதையோடு பார்த்தது. அந்தப் பார்வையின் ருசியை இன்னும் நான் மறக்கவில்லை.

கச்சேரி முடிந்து வாசலில் செருப்புத் தேடும்போது அவரை அணுகி, மிகுந்த விநயத்துடன், "தாங்கள் போட்ட அந்தத் தாளம் இன்னதென்று அடியேனுக்குச் சொல்ல வேண்டும்" என்றேன்.

"தாளமா? பால் கணக்கு, தம்பி. போன மாதம் நாலு நாள் பால் இல்லை. ரெண்டு நாள் ஒரு வேளைதான். பால்காரி எட்டணா கூடக் கேட்கிறாள் என்று காலையில் அவளிடம் சண்டை பிடித்தேன். இங்கே உட்கார்ந்து சாவகாசமாகப் போட்டுப் பார்த்தால், அவள் சொன்னதுதான் சரி!"

"அப்படியானால் அந்தப் 'பேஷ்'...?"

"அவளுக்குத்தான்" என்று செருப்பை மாட்டிக்கொண்டவர், இரண்டடி நடந்து திரும்பி நின்று, "ஆமாம், நீ எதற்கப்பா சொன்னாய்?" என்றார்.