குறுக்கால போவானுக்குத்தான் பாட்டு

வா தம்பி, உந்தத் திண்ணையில இரு. அன்புவழிபுரத்துச் சந்தியில சிற்பம் ஒண்டு வைக்கப் போறியாம். ஆள் நடந்தா மின்னுமாம், கை ஆட்டினாப் பாடுமாம். நல்லது. ஆள் நடந்தாக் குரைக்கிறதுகள் இந்த ஒழுங்கையில ஏற்கெனவே நிறைய நிக்குது. பாடுறதும் ஒண்டு இருக்கட்டுமன்.

சென்சர் என்ன வாங்கினனீ? பி.ஐ.ஆரோ? மலிவான சாமான். அது ஆளைப் பாக்கிறேல்ல, ஆளின்ர சூட்டைத்தான் பாக்குது. அந்தச் சூடு ஒரு பக்கத்தில இருந்து மற்றப் பக்கம் நகரவேணும். நேரா முன்னுக்கு வாற மரியாதைக்காரனை அது கண்டும் காணாமல் விடும். குறுக்கால போவானைக் கண்டாத்தான் துள்ளும்! எங்கட ஊர்ச் சனத்துக்குப் பொருத்தம்தான். ஆனா கச்சான் காத்து அடிக்கிற நாளையில சுவரும் நீயும் நானும் கிட்டத்தட்ட ஒரே சூடு. அப்ப அது எங்களையும் சுவரெண்டு நினைச்சு நித்திரை கொள்ளும். திறப்பு விழாவை ஆடி மாசம் மத்தியானம் ரெண்டு மணிக்கு வை. பிரதம விருந்தினர் கை ஆட்டிக்கொண்டே நிக்கட்டும். எனக்கும் பொழுது போகும்.

அல்ட்ராசோனிக் பூட்டுவன் எண்டுறியோ? பூட்டு, பூட்டு. அது 40 கிலோஹேர்ட்ஸில கத்திப்போட்டு, எதிரொலி எப்ப திரும்புது எண்டதை வைச்சுத் தூரத்தை அளக்கும். உனக்கும் எனக்கும் அது கேளாது. நாய்க்குக் கேக்கும். பிறகு பாட்டுப் படிக்கிறது ஆர் எண்டு பாப்பம்.

பேத்தி போனில உன்ர மாதிரிச் சிற்பம் ஒண்டு காட்டினாள். 1970இல எட்வர்ட் இஹ்னாடோவிச் எண்ட மனுசன் பிலிப்ஸ் கம்பனிக்குச் செய்து குடுத்தது, பேர் சென்ஸ்டர். நெதர்லாந்தில ஐந்தோவன் நகரத்தில நிண்டது. 15 அடிக்கு மேல நீளம். அதின்ர மூட்டுகளை எதைப் பாத்துச் செய்தவன் தெரியுமே? சிங்கி றாலின்ர கொடுக்கைப் பாத்து! நாங்கள் துறைமுகத்துக்குப் பக்கத்தில இருந்துகொண்டு அதைக் கறியாத்தானே பாத்தம். தலையில நாலு மைக்கும் ரெண்டு ரேடாரும். மெல்லக் கதைச்சா, ஆறுதலாக் கையை அசைச்சா, கிட்ட வந்து எட்டிப் பாக்கும். கத்தினா, குதிச்சா, தலையைப் பின்னுக்கு இழுத்துப்போடும். அவன் இரும்புக்கு வெக்கம் பழக்கியிருக்கிறான் தம்பி. ஆர் அசைஞ்சாலும் பளிச்சிட்டுப் பாட்டுப் படிக்கிறதெண்டா அதுக்கு நீ ஏன், கலியாண வீட்டு லவுட்ஸ்பீக்கர்காரன் காணும். எதுக்குப் பாடக்கூடாது எண்டதை முதல்ல புரோகிராமில எழுது. வெசாக் தோரணத்துக்கு அந்தப் புத்தி தேவையில்லை. நீ நிண்டாலும் போனாலும் அது தன்பாட்டுக்கு எரியும்.

சந்தி சரிவராட்டி பிரெட்ரிக் கோட்டைக்குள்ள வை. கோணேசர் கோயிலுக்குப் போற சனம் பகல் முழுக்கப் பாக்கும். இரவில அங்க புள்ளிமான்கள் திரியும். மானுக்கும் உடம்புச் சூடு இருக்கு, குறுக்கால போறதிலயும் கெட்டிக்காரன். விடியவிடிய வெளிச்சமும் பாட்டும்தான். மான்களுக்கு என்ன, கரண்ட் பில் உன்ர பேரிலதானே வரப்போகுது?