எவடம்? – ஸ்காபரோவிலிருந்து ஊருக்குப் போகும் கைத்தொலைபேசி பற்றி ஓர் ஆய்வு

ஊருக்குப் போவது வெளிநாட்டுப் பயணமா? கனடாவின் ஸ்காபரோவில் யாரிடம் கேட்டாலும் ‘உனக்கென்ன விசரே?’ என்பார்கள். ஊர் ஊர்தான், வெளிநாடு என்பது நாங்கள் இப்போது வாடகை கட்டிக்கொண்டிருக்கிற இடம். தொலைபேசிக் கொம்பனியின் அகராதியிலோ இது தலைகீழாகக் கிடக்கிறது. யாழ்ப்பாணத்து உரும்பிராயில் பிறந்து வளர்ந்த என் அப்பா கட்டுநாயக்காவில் இறங்கிய மறுநிமிடம், ‘இலங்கைக்கு நல்வரவு, நாளொன்றுக்கு இவ்வளவு’ என்று அவருடைய போன் அவருக்கே ஊரை அறிமுகம் செய்தது. இந்த முரண்பாட்டிலிருந்து பிறந்ததே இவ்வாய்வு.

ஆய்வுக்களம், மார்க்கம் றோட்டுக்கும் எக்ளின்டனுக்கும் அருகே ஒரு வீட்டின் பேஸ்மென்ட். தகவலாளிகள் ஐவர்: அப்பா, அம்மா, மாமி, நான், அக்காவின் மகள். கடைசித் தகவலாளிக்குப் பன்னிரண்டு வயது. ஆய்வின் தொழில்நுட்ப ஆலோசகரும் அவரே. மாமி வயது சொல்ல மறுத்தார். கருவிகள்: ஐந்து போன்கள், ஒரு தராசு. தராசு போனுக்கல்ல, 23 கிலோ தாண்டாமல் பெட்டி நிறுக்க. ஆனாலும் ஆய்வுக்காலம் முழுவதும் அது மேசை நடுவில் இருந்தபடியால் பதிவு செய்கிறேன்.

முதலில் சொல்லாராய்ச்சி. வெளிநாட்டில் போன் பாவிப்பதற்குக் கொம்பனி வைத்த பெயர் ரோமிங். அதற்குத் தமிழில் அலைதல், திரிதல், சுற்றுதல் எனப் பல சொற்கள் உண்டு. எதற்கும் நல்ல பெயர் இல்லை. ஊர் சுற்றியவனுக்கு யாரும் பெண் கொடுப்பதில்லை. கனடாக் கொம்பனிகளும் இந்த விஷயத்தில் நம் பெரியவர்களின் கட்சிதான். ஊர் சுற்றினால் தண்டம். ஊருக்குப் போகிற நாங்கள் ஐந்து பேர், இருபத்தெட்டு நாள், நாளுக்குப் பத்து டொலர் என்று குறைத்துப் போட்டாலும் 1400 டொலர். ‘அது இன்னொரு ரிக்கெற் காசு’ என்றார் அம்மா. யாருக்கு அந்த ரிக்கெற் என்று அவர் சொல்லவில்லை.

இனி வரலாறு. உலகின் முதல் தொலைதூர அழைப்பு பாரிஸுக்குப் போனது என்றால் நம்புவீர்களா? 1876 ஆகஸ்ட் 10 அன்று அலெக்சாண்டர் கிரகாம் பெல் பாரிஸில் காதைக் கொடுத்துக்கொண்டு இருந்தார்; பிரான்ட்ஃபோர்டிலிருந்து வீட்டார் பேசினார்கள். இந்தப் பாரிஸ் பிரான்ஸில் இல்லை. ஒன்ராறியோவில், ரொறன்ரோவுக்கு மேற்கே காரில் போய்வரக்கூடிய தூரத்தில் இருக்கிற சிற்றூர். இரண்டுக்கும் இடையே பதின்மூன்று கிலோமீற்றர். உரும்பிராயிலிருந்து நல்லூர் போய்த் திரும்பினால் ஏறக்குறைய அவ்வளவுதான் வரும். அழைப்பும் ஒருவழிதான். பெல் கேட்கலாம், பதில் சொல்ல முடியாது. எங்கள் குடும்பத்தில் மாமியுடன் பேசுகிறவர்களுக்கு இந்த அனுபவம் இன்றும் கிடைக்கிறது.

அதற்குப் பிந்திய நூற்றிருபது ஆண்டுகளைத் தாண்டி நேரே கோலிங் கார்ட் காலத்துக்கு வருகிறேன். கனடாவிலிருந்து கடல்கடந்து போகும் அழைப்புகள் டெலிகுளோப் என்ற ஒரே கொம்பனியின் கையில் இருந்தன. அந்த ஏகபோகம் 1998 அக்டோபர் 1 அன்று முடிந்தது. பிறகு தமிழ்க்கடைகளில் மரக்கறித் தட்டுக்கும் காசு மேசைக்கும் நடுவே அட்டைகள் தோரணமாகத் தொங்கின. ஐந்து டொலர் கொடுத்து வாங்கி, ஒரு நாணயத்தால் சுரண்ட வேண்டும். உள்ளூர் இலக்கம், அட்டையின் இரகசிய இலக்கம், அதன் பின் 011, 94, 21, வீட்டு இலக்கம் ஏழு. கடைசிப் பகுதி மட்டுமே பதினான்கு இலக்கம். பன்னிரண்டாவதில் பிழைத்தால் மறுபடி முதலிலிருந்து. அட்டையில் அச்சடித்த நிமிடம் ஒன்று, பேசக்கிடைத்த நிமிடம் வேறொன்று. எந்த மருமகன் எந்தச் சகலனைப் பற்றிச் சொல்லத் தொடங்கும்போது துண்டிக்க வேண்டும் என்பது அந்த அட்டைக்குத் தெரிந்திருந்தது. அதற்கும் முந்திய போர்க்காலத்தில் யாழ்ப்பாணத்துக்கு அழைப்பே போகாது. அங்கிருந்தவர்கள் கொழும்புக்கு வந்து வெள்ளவத்தையில் ஒரு கொமினிகேசன் கடை வாசலில் காத்திருந்தால்தான் குரல் கேட்கும். அப்படிக் கிடைத்த மூன்று நிமிடத்தில் என்ன பேசினோம் என்று அம்மாவிடம் கேட்டேன். ‘சாப்பிட்டியளோ எண்டு கேட்டம்’ என்றார்.

இப்போது ஆய்வின் மையத்துக்கு வருவோம். போன் வேற்று நாட்டில் இறங்கியதும் என்ன நடக்கிறது? நூற்பா:

எவடம் எனவே கேட்புழி எண்களின்
முதன்மூன் றுரைத்து முகவரி காட்டும்
சில்லே சிம்மெனச் செப்பினர் புலவர்.

(இது நானே யாத்தது. பழைய நூல் என்று எண்ணி எவரும் மேற்கோள் காட்ட வேண்டாம். புலவர் யார் என்றும் கேட்க வேண்டாம்.)

உரை: எவடம் என்பது, எந்த இடம் என்பதன் யாழ்ப்பாண வழக்கு. அறிமுகமில்லாத இருவர் உலகின் எந்த மூலையில் சந்தித்தாலும் பெயருக்கு முன்னர் கேட்பது, ‘நீங்கள் ஊரிலை எவடம்?’ என்பதே. கோபுரங்களும் அதையே கேட்கின்றன. ஒவ்வொரு சிம்முக்குள்ளும் நீண்ட இலக்கம் ஒன்று ஒளிந்திருக்கிறது; அதன் முதல் மூன்று எண்கள் நாட்டைச் சொல்லும். இலங்கைக்கு 413. இந்தியாவுக்கு 404, 405. கனடாவுக்கு 302. யாழ்ப்பாணத்துக் கோபுரம் ‘எவடம்?’ என்கிறது, போன் ‘302’ என்கிறது. அத்துடன் விடுமா? கல்யாணத் தரகர் போல உடனே கனடாவுக்குச் செய்தி அனுப்பி விசாரிக்கிறது: இந்தப் பிள்ளை உங்கடை பிள்ளையோ? பழக்கவழக்கம் எப்படி? காசு கட்டுவாரோ? அங்கிருந்து ‘ஓம், நல்ல பிள்ளை’ என்று பதில் வந்த பிறகே இங்கே சமிக்ஞைக் கோடுகள் தெரிகின்றன. இத்தனையும் சில வினாடிகளில் முடிகிறது. எங்கள் அக்காவின் விசாரிப்புக்கு எட்டு மாதம் எடுத்தது.

இதில் ஒரு விசித்திரம் உண்டு. கனடாச் சிம்மில் ரோமிங் செய்தால், தரவு பெரும்பாலும் வீட்டுக்குப் போய்த்தான் வெளியே வரும். நல்லூர்த் திருவிழாவில் நின்றுகொண்டு, இன்றைய தேர் எத்தனை மணிக்கு என்று போனில் தட்டினால், அந்தக் கேள்வி கடல்களைத் தாண்டிக் கனடாவுக்கு வந்து, அங்கிருந்து விடை தேடி, மறுபடி நல்லூருக்குத் திரும்புகிறது. பக்கத்தில் கற்பூரம் விற்கிறவரைக் கேட்டிருந்தால் வேலை முடிந்திருக்கும். வலைத்தளங்களும் நாம் கனடாவில் நிற்பதாகவே நம்புகின்றன. ஆகையால் சுட்டெரிக்கும் வீதி மணலில் நின்று ஏஜாக்ஸில் வீடு விற்கிற முகவரின் சிரித்த முகத்தைப் பார்க்கலாம். சென்ற முறை நான் பார்த்தேன். அவரும் உரும்பிராய்தான்.

அடுத்து, நாள் என்றால் என்ன? பஞ்சாங்கம் சூரிய உதயத்திலிருந்து எண்ணும். கொம்பனி அப்படியல்ல. நாள்கட்டணம் என்பதில் நாள், இருபத்துநான்கு மணித்தியாலமா, ரொறன்ரோ நாட்காட்டியா என்பதை ஒப்பந்தத்தின் சிறிய எழுத்தில் தேட வேண்டும். நாட்காட்டி என்றிருந்தால், கோடையில் ரொறன்ரோ நள்ளிரவு என்பது யாழ்ப்பாணத்தில் காலை 9.30. ஒன்பது மணிக்கு ஒரு படமும் பத்து மணிக்கு ஒரு படமும் அனுப்பியவர் இரண்டு நாள் வாழ்ந்துவிட்டார். இதை இராகுகாலம் போல நாட்காட்டியில் அச்சிட்டால் நல்லது என்பது ஆய்வாளரின் பரிந்துரை.

வழியிலும் கண்ணிகள் உண்டு. கொழும்புக்கு நேரே விமானம் கிடையாது. டோகாவிலோ டுபாயிலோ இரண்டு மணித்தியாலம் தங்க வேண்டும். ‘வந்து சேர்ந்திட்டம்’ என்று ஒரு சொல் அனுப்பத் தரவைப் போட்டால் அந்த நாட்டுக்கும் ஒருநாள் கூலி. ஆகாயத்தில் இதனினும் கொடியது. சில விமானங்களுக்குள்ளேயே குட்டிக் கோபுரம் வைத்திருக்கிறார்கள். நாள்கட்டணச் சலுகை எதுவும் அங்கே செல்லாமல் போகலாம். அந்த வலையமைப்புகளைப் போன்றவற்றுக்கு உலகம் தந்திருக்கும் எண் 901. அது எந்த நாட்டுக்கும் உரியதல்ல. எவடம் என்று கேட்டால் எவடமும் இல்லை என்கிற எண். எண்பதுகளில் கையில் ஒரு கடதாசியும் இல்லாமல் வந்திறங்கிய அப்பாவிடம் இதை விளக்கினேன். ‘அந்த நம்பரிலை நாங்களும் கொஞ்சக் காலம் இருந்தனாங்கள்’ என்றார்.

சட்டம் என்ன சொல்கிறது? கனடாவின் தொலைத்தொடர்பு ஆணையமான சி.ஆர்.டி.சி. 2013 டிசம்பர் 2 முதல் நடைமுறைப்படுத்திய விதிக்கோவையின்படி, வாடிக்கையாளர் தெரிந்து சம்மதித்தாலன்றி, ஒரு மாதத்தில் ரோமிங் தரவுக்கு 100 டொலருக்கு மேல் அறவிடக் கூடாது. அதற்கு முன் ஆயிரக்கணக்கில் பில் வந்த கதைகள் உண்டு. ‘அப்ப நூறு டொலர் மட்டும் விடுவாங்கள் எண்டுறாய்’ என்று அப்பா சட்டத்தைத் தன் போக்கில் வாசித்தார். 2017 டிசம்பர் 1 முதல் பூட்டிய போன் விற்பதும் நின்றது. வேறு கொம்பனிச் சிம் போட ஐம்பது டொலர் கொடுத்துப் பூட்டுத் திறந்த காலம் போயிற்று. பூட்டைத் திறந்துவிட்டுக் கதவையே எடுத்துவிட்டார்கள் என்பது பிற்சேர்க்கை. 2025இல் வந்த ஐபோன் 17 கனடாவில் சிம் துவாரமே இல்லாமல் விற்கப்படுகிறது. 1991இல் மியூனிக்கில் செய்து பின்லாந்துக்கு விற்ற முதல் சிம் கடனட்டை அளவு. தேய்ந்து தேய்ந்து 12.3க்கு 8.8 மில்லிமீற்றராகி, இப்போது உருவமே அற்ற இ-சிம் ஆகிவிட்டது. உருவத்திலிருந்து அருவத்துக்குப் போன இந்தத் தத்துவத்தைச் சைவசித்தாந்திகள் கவனிக்கலாம்.

இதனால் மாமி நொந்துபோனார். ‘கட்டுநாயக்காவிலை வெளியாலை வர, பெட்டையள் சிரிச்சுக்கொண்டு சிம் விக்கிறவை. அதை எங்கை போடுறது?’ நியாயமான கேள்வி. போனுக்குள் போட இடமில்லை. மென்பொருளாகத்தான் இறக்க வேண்டும். இறக்க இணையம் வேண்டும். இணையத்துக்காகத்தான் அதை இறக்குகிறோம். ஆகவே வீட்டு வைஃபையில், பெட்டி கட்ட முதலே, இந்த வேலையை முடிக்க வேண்டும் என்பது துணிபு. பியர்சன் விமான நிலையத்திலும் இலவச வைஃபை உண்டு. ஆனால் அங்கே 23 கிலோவைத் தாண்டிய பெட்டியைத் திறந்து சொக்லேட்டை வெளியே எடுத்துக்கொண்டிருப்போம்.

இ-சிம்மை வாங்கியதும் மின்னஞ்சலில் கறுப்பு வெள்ளைக் கட்டம் ஒன்று வரும். போனின் கமராவால் அதைப் பிடிக்க வேண்டும். அதுவோ அதே போனின் திரையில் இருக்கிறது. தன் முதுகைத் தானே சொறிய முடியாத நிலை. (புதிய போன்களில் கட்டத்தை விரலால் அழுத்திப் பிடித்தாலே போதும் என்று ஆலோசகர் பிற்பாடு சொன்னார், அதற்குள் நான் அடுத்த வீட்டுக்காரரின் போனை இரவல் வாங்கியிருந்தேன்.) அப்பாவுக்காக அந்தக் கட்டத்தைத் தாளில் அச்சடித்துக் கொடுத்தேன். அவர் கண்ணாடியைப் போட்டு, அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, காற்சட்டைப் பையிலிருந்து ஒரு இருபத்தைந்து சதத்தை எடுத்தார்.

‘எவடத்திலை சுரண்டுறது?’

பழைய அட்டைகளின் பயிற்சி அவ்வளவு லேசில் போகாது.

இ-சிம் உள்ளே போன பின்னர்தான் பெரும் முரண்பாடு எழுகிறது. பயண இ-சிம் பெரும்பாலும் வேறொரு நாட்டுக் கொம்பனியுடையது. ஊரில் அதுவும் விருந்தாளிதான். ஆதலால் அந்தச் சிம்முக்கு ரோமிங்கைப் போட வேண்டும். கனடாச் சிம்முக்கு நிறுத்த வேண்டும். எந்த ரோமிங்குக்குப் பயந்து இத்தனை பாடுபட்டோமோ, அதையே கைப்பட இயக்க வேண்டும். இதை அம்மாவுக்கு மூன்று முறை விளக்கினேன். நாலாம் முறை எனக்கே சந்தேகம் வந்தது. இன்னொரு பொத்தானும் உண்டு: ஒரு சிம்மில் தரவு தடுமாறினால் மற்றதற்குத் தானாக மாறிக்கொள்ளட்டுமா என்று பவ்வியமாகக் கேட்கும். ஓம் என்றால் முடிந்தது கதை. அதை அணைத்துவிட வேண்டும்.

கனடாச் சிம்மையே நிறுத்திவிட்டால் என்ன என்று ஆசங்கை எழலாம். கூடாது. வங்கி இரகசிய இலக்கம் அனுப்புவது அந்த எண்ணுக்கே. அப்பாவின் எண் 416இல் தொடங்குகிறது. 2001இல் புதிய பகுதி இலக்கமான 647 வருமுன் எடுத்தது. ரொறன்ரோவில் அது பரம்பரைக் காணி மாதிரி. அதை ஒரு மாதம் உறங்க வைக்க அவர் உடன்படவில்லை. குறுஞ்செய்தி வாங்க மட்டும் விழித்திருக்கட்டும், தரவு வேண்டாம், அழைப்பு வந்தால் எடுக்க வேண்டாம் என்று ஒப்பந்தம். வட்ஸ்அப் எண்ணை மாற்றவா என்று கேட்டால் மறுத்துவிட்டுப் பழையதிலேயே இருக்கலாம்.

ஒத்திகைக்காக எல்லோரையும் நயாகராவுக்குக் கூட்டிப்போனேன். இது தேவையா என்று கேட்பவர்கள், விருந்தினர் வந்தால் வேறு எங்கே கூட்டிப்போவார்கள் என்று சொல்லட்டும். அங்கே கனடாக் கரையில் நின்றபடியே சில போன்கள் எதிர்க்கரைக் கோபுரத்தைப் பிடித்து, ‘அமெரிக்காவுக்கு நல்வரவு’ என்று சொல்லிவிடும். மாமியின் போன் சொன்னது. விசா இல்லாமல் அமெரிக்கா போய்வந்ததாக அவர் இன்றும் சொல்லிக்கொண்டிருக்கிறார். மற்ற நால்வரின் ரோமிங் சரியாக அணைந்திருந்தது. ஒத்திகை வெற்றி.

உரும்பிராய்க்குப் போய்ச் சேர்ந்த மாலை, ஐந்து போன்களிலும் கோடுகள் நிறைந்திருந்தன. பெரியம்மாவின் வீட்டில் எங்கள் பேஸ்மென்டைவிட வேகமான வைஃபை ஓடியது. அதைப் பற்றி நான் எழுதப்போவதில்லை. அடுத்த வளவிலிருந்து ஒரு ஆச்சி வேலியோரம் வந்து, எங்களை ஒவ்வொருவராக நோட்டம் விட்டு, ஆலோசகரின் கன்னத்தைத் தடவினார்.

‘பிள்ளை எவடம்?’

‘மார்க்கம் அன்ட் எக்ளின்டன்.’

ஆச்சி கொஞ்ச நேரம் யோசித்தார்.

‘அது எங்கை, சுன்னாகத்துக்கு அங்காலையோ?’