கோட்டைக்குப் போக சைக்கிள் போதும்

கே: ஜெர்மனி என்றாலே எல்லோரும் நாய்ஷ்வான்ஸ்டைன் கோட்டைக்குத்தான் ஓடுகிறார்கள். அவ்வளவு கூட்டமில்லாமல் பார்க்க வேறு கோட்டையே கிடையாதா?

ப: ஒன்றா இரண்டா! வடமேற்கே மூன்ஸ்டர்லாந்துக்குப் போங்கள். மாட்டுப் பண்ணை, சோளக்காடு, நடுநடுவே கோட்டைகள், மாளிகைகள். நூறு கோட்டைப் பாதை என்று சுமார் 960 கிலோமீட்டருக்குச் சைக்கிள் வழியே வைத்திருக்கிறார்கள். பெரும்பாலும் சமதரை. முழங்கால் வலிக்காரர்களும் துணிந்து மிதிக்கலாம்.

கே: மலையே இல்லாத சீமையில் கோட்டைக்கு என்ன பாதுகாப்பு?

ப: தண்ணீர்! சுற்றிலும் அகழி வெட்டி நீரை நிரப்பிவிட்டார்கள். ஃபிஷரிங் கோட்டையை 1271-இல் மூன்ஸ்டர் ஆயர் கட்டியது யாரை அடக்க என்கிறீர்கள்? பக்கத்திலேயே இருந்த லூடிங்ஹவுசன் பிரபுக்களை! முன்தீவில் தொழுவமும் களஞ்சியமும். பாலம் தாண்டினால் அடுத்த தீவில் குதிரை லாட வடிவில் பிரபுவின் வீடு. எதிரி வந்தால் முதலில் மாட்டிக்கொள்வது மாடுதான்.

கே: அந்த மாளிகைகளில் இப்போது யார் இருக்கிறார்கள்?

ப: சிலவற்றில் பழைய குடும்பங்கள், சிலவற்றில் அருங்காட்சியகம். 'வெஸ்ட்ஃபாலியாவின் வெர்சாய்' என்று பெயரெடுத்த நோர்ட்கிர்ஷன் மாளிகை கதைதான் வேடிக்கை. ஆயராகவும் ஆட்சியாளராகவும் இருந்த பிளெட்டன்பெர்க் 1703-இல் கட்டத் தொடங்கியது. இன்று அது மாநில நிதித்துறைக் கல்லூரி. வரி வாங்கியவர் தொடங்கிய வீட்டில், வரி வாங்கப்போகிறவர்கள் பாடம் படிக்கிறார்கள்! ஆனாலும் பூங்காவைச் சுற்றிப் பார்க்கக் கட்டணம் கிடையாது. மாணவர்கள் பாஸாகி வெளியே வருவதற்குள் போய்ப் பார்த்துவிடுங்கள்.