சென்னைப் புறநகரில் மனை வாங்கிப் போடுவது எப்படி?

மனையில் முதலீடு செய்ய முதல் தேவை பணம் அல்ல, ஒரு பெரியப்பா. வேளச்சேரியில் ஒரு கிரவுண்டு சொற்ப விலைக்கு வந்த காலத்தில், "நரி ஊளையிடுற காட்டுல எவன் வீடு கட்டுவான்?" என்று சொல்லிவிட்டுத் திரும்பி வந்தவர். சென்னையில் குடும்பத்துக்கு ஒருவராவது இப்படி இருப்பார். அவர் கோட்டைவிட்டதை நீங்கள் பிடித்தாக வேண்டும் என்ற வெறி வந்துவிட்டால் போதும், மற்றதைப் புரமோட்டர் பார்த்துக்கொள்வார்.

ஞாயிற்றுக்கிழமை காலை தாம்பரத்தில் வேன் நிற்கும். குடும்பத்தோடு ஏறிக்கொள்ளுங்கள். காசு கிடையாது, மதியச் சாப்பாடும் உண்டு. வேனில் உட்கார்ந்துகொண்டு எத்தனை கிலோமீட்டர் என்று கேட்பது நாகரிகமல்ல. இந்தத் தொழிலில் தூரத்தை நிமிடத்தில்தான் அளப்பார்கள். "கிளாம்பாக்கம் பஸ் ஸ்டாண்டுலேர்ந்து இருபதே நிமிஷம் சார்." எந்த வண்டியில், ராத்திரி எத்தனை மணிக்கு என்றெல்லாம் குடையக் கூடாது. மதுராந்தகம் தாண்டியும் வண்டி நிற்கவில்லையே என்று மனைவி முழங்கையால் இடிப்பார். பொருட்படுத்தாதீர்கள். பரந்தூர் விமான நிலைய அறிவிப்பு 2022-இல் வந்ததிலிருந்து, எந்தத் திசையில் மனை போட்டாலும் பரந்தூர் பக்கத்தில் வந்துவிடுகிறது. நிலம் தர மாட்டோம் என்று ஏகனாபுரத்துக்காரர்கள் வருடக்கணக்கில் போராடிக்கொண்டிருப்பது வேனில் பேசத் தகுந்த விஷயமல்ல.

இறங்கியதும் அலங்கார வளைவு, புதுத் தார்ச்சாலை, கலர் கொடிகள். ஷாமியானாவுக்குள் மேஜைமேல் லேஅவுட் வரைபடம் விரித்திருக்கும். பாதி மனைகளில் சிவப்பு ஸ்டிக்கர். நீங்கள் விரல் வைத்த கார்னர் மனையில் மட்டும் இன்னும் ஒட்டவில்லை. பக்கத்து மேஜைக்காரருக்கும் அதன்மேல்தான் கண் என்று டை கட்டிய தம்பி காதோடு சொல்வார். "திங்கக்கிழமைலேர்ந்து சதுர அடிக்கு நூறு ரூபா ஏறுது சார்." உடனே டோக்கன் அட்வான்ஸ் கொடுத்துவிடுங்கள். வீட்டுக்குப் போய் யோசித்துச் சொல்கிறேன் என்பவர்களால்தான் நம் நாட்டில் பெரியப்பாக்கள் பெருகினார்கள்.

வாஸ்துவில் மட்டும் சமரசம் வேண்டாம். மனை எந்தத் திசை பார்க்கிறது, ஈசானிய மூலை நீண்டிருக்கிறதா, தெருக்குத்து உண்டா, எல்லாவற்றையும் காம்பஸ் வைத்துப் பாருங்கள். சர்வே எண்ணை எவர் வேண்டுமானாலும் பார்த்துக்கொள்ளட்டும்.

இடம் பார்க்க உகந்த காலம் அக்னி நட்சத்திரம். ஐப்பசி, கார்த்திகையில் அந்தப் பக்கமே தலைவைத்துப் படுக்கக் கூடாது. கோடையில் ஏரி உள்வாய்கூட கிரிக்கெட் மைதானம் போலக் காய்ந்து, பார்க்கக் கண்ணுக்குக் குளிர்ச்சியாக இருக்கும். 2015 டிசம்பரில் முடிச்சூரிலும் வரதராஜபுரத்திலும் மாடியிலிருந்து படகில் ஏறியவர்களில் பலர் வெயில் காலத்தில் இடம் பார்த்தவர்களாகத்தான் இருக்க வேண்டும். பள்ளிக்கரணை சதுப்பு நிலத்துக்கு 2022-இல் ராம்சர் அங்கீகாரம் கிடைத்தது. அடுத்த ஆண்டே மிக்ஜாம் புயல் வந்து, சதுப்பு நிலத்தின் பழைய எல்லையைச் சுற்றுவட்டார அடுக்ககங்களின் கார் நிறுத்துமிடம்வரை வரைந்து காட்டிவிட்டுப் போனது. தண்ணீர்ப் பஞ்சமே இல்லாத ஏரியா என்று புரோக்கர் சொன்னது பொய்யில்லை.

அடுத்தது பத்திரம். இங்கேதான் சந்தேகப் பிராணிகள் காரியத்தைக் கெடுப்பார்கள். மூலப்பத்திரம் எங்கே, வில்லங்கச் சான்றிதழை முப்பது வருடத்துக்குப் போட்டாயா, விற்பவர் கையில் இருப்பது பட்டாவா வெறும் பவரா என்று அடுக்குவார்கள். வக்கீலிடம் லீகல் ஒப்பீனியன் வாங்கச் சொல்வார்கள். அந்தப் பணத்தில் பூமி பூஜையே போட்டுவிடலாமே! 500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட நிலத்தை மனை பிரித்து விற்பதென்றால் ரேரா பதிவு எண் இல்லாமல் விளம்பரம்கூடச் செய்யக் கூடாது என்பது சட்டம். "நம்பர் வந்துக்கிட்டே இருக்கு சார்" என்பது பதில். வந்துகொண்டே இருக்கட்டும். டிடிசிபி அங்கீகாரம் கேட்டால் பஞ்சாயத்துத் தலைவர் கையெழுத்தைக் காட்டுவார்கள். மனைப்பிரிவுக்கு அனுமதி தர அவருக்கு அதிகாரமில்லை என்றாலும் கையெழுத்து பச்சை மையில் அழகாக இருக்கும். 2016 செப்டம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் அங்கீகாரமில்லாத மனைகளின் பதிவுக்குத் தடை போட்டபோது, இப்படிப்பட்ட கையெழுத்துகளோடு எத்தனையோ பேர் சார்பதிவாளர் அலுவலக வாசலிலேயே நின்றுவிட்டார்கள். அரசு 2017-இல் வரன்முறைத் திட்டம் கொண்டுவந்து, கட்டணம் வாங்கிக்கொண்டு கைதூக்கிவிட்டது. 2016 அக்டோபர் 20-க்கு முன் பதிவானவற்றுக்கு மட்டும். பிறகு வாங்கியவர்கள் அடுத்த திட்டத்துக்காகக் குலதெய்வத்தை வேண்டிக்கொள்ளலாம்.

மனை வேண்டாம், ஃபிளாட்தான் என்பவர்களுக்குச் சுருக்கமாக: சூப்பர் பில்ட்அப் ஏரியாவைப் பார்த்து மகிழுங்கள், கார்ப்பெட் ஏரியாவைக் கேட்காதீர்கள். 60 லட்சம் கடனுக்கு எட்டரை சதவீத வட்டியில் இருபது வருடம் மாதாமாதம் 52 ஆயிரம் கட்டிவிட்டு, 20 ஆயிரம் வாடகை வாங்கினால் நீங்கள் முதலீட்டாளர்.

வாங்கிய மனையைப் பராமரிப்பது எளிது. வருடத்துக்கொரு முறை போய் அதைத் தேடிக் கண்டுபிடிக்க வேண்டும். கொடி இருக்காது, வளைவின் பெயிண்ட் உரிந்திருக்கும், சாலை இருந்த இடத்தில் சீமைக்கருவேலம் நிற்கும். நான்கு எல்லைக் கற்களில் இரண்டு கிடைத்தாலே அதிர்ஷ்டம்தான். ஒன்றில் யாரோ ஆடு கட்டியிருப்பார்கள். கையோடு கொண்டுபோன தகரப் பலகையை நட்டுவிட்டு வாருங்கள்: "இந்த இடம் விற்பனைக்கு அல்ல." அதை யாரும் விலைக்குக் கேட்கவில்லை என்பது ஆட்டுக்குத் தெரிய வேண்டியதில்லை.

லாபத்தைக் கல்யாண வீடுகளில் எடுக்கலாம். பந்தியில் உட்கார்ந்ததும், "நான் வாங்கறப்போ எண்ணூறு, இப்ப ரெண்டாயிரத்து ஐநூறு போகுது" என்று மச்சினர் காதில் விழும்படி சொல்லுங்கள். விலையைச் சொன்னவர் புரோக்கர், அதை உறுதிசெய்பவர் நீங்கள். மூன்றாவதாக வாங்குபவர் என்று ஒருவர் வேண்டுமே என்று கேட்பவர்கள் கணக்கு வாத்தியார்களாக இருப்பார்கள். நிஜமாகவே விற்கப் போனீர்களானால், பக்கத்து வயலில் அதே புரமோட்டர் இரண்டாம் கட்டம் போட்டு, உங்கள் விலையைவிடக் குறைவாக, தவணையில் விற்றுக்கொண்டிருப்பார். அவரிடம் வேன் இருக்கிறது, பிரியாணி இருக்கிறது. உங்களிடம் தகரப் பலகைதான் உண்டு. உங்களிடம் வாங்குகிறவரும் வழிகாட்டி மதிப்பில் முத்திரைத்தாளுக்கு 7, பதிவுக்கு 2 என்று 9 சதவீதம் தனியாக எடுத்துவைக்க வேண்டும்.

கடைசியாக ஒன்று. பதிவுத் துறையின் தளத்தில் வில்லங்க விவரத்தையும், வருவாய்த் துறையின் தளத்தில் பட்டாவையும், ரேரா தளத்தில் பதிவு எண்ணையும் வீட்டிலிருந்தபடியே காசில்லாமல் பார்க்கலாம். டோக்கன் கொடுப்பதற்கு முந்தைய நாள் அரை மணி நேரம் போதும். ஆனால், அப்புறம் வேனில் ஏற மனசு வராது. நிபுணன் என்ற முறையில் நான் அதைப் பரிந்துரைப்பதில்லை.